சைக்கிளில் போகிறவர் சிவப்பு விளக்கில் நிற்க வேண்டுமா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரிலிருந்து மகாதேவபுரத்துக்குப் பழைய மெட்ராஸ் ரோடு வழியாக வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு பக்கம் 12 கிலோமீட்டர் போல வரும். 11 வருடமாக சைக்கிள்தான். சிக்னலில் நான் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் பைக்கில் இருப்பவர்கள் கேட்பதும், டீக்கடையில் கேட்பதும், புதிதாக சைக்கிள் வாங்கிய சொந்தக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் நேராகச் சொல்லுங்கள். நிற்க வேண்டுமா, வேண்டாமா?

நிற்க வேண்டும். சிவப்பு என்றால் சைக்கிளும் நிற்க வேண்டும். சாலை காலியாக இருந்தாலும், விடியற்காலை ஆனாலும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தாலும் நான் நிற்கிறேன். ஆனால் இதற்கு எல்லாரும் சொல்லும் காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. "சைக்கிளும் ஒரு வண்டிதானே, எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்பது பாதிதான் உண்மை.

ஏன் பாதி உண்மை? சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்றபடி மோட்டார் வண்டிகளுக்கானது. சைக்கிள் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ஓட்டுநர் உரிமம், பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. சாலைக் குறிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லும் 119-வது பிரிவுகூட "மோட்டார் வாகன ஓட்டுநர்" என்றுதான் தொடங்குகிறது.

இதை மட்டும் படித்துவிட்டு "நமக்குச் சட்டமே இல்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த உத்தரவு போடும் அதிகாரத்தை 1963-ஆம் ஆண்டின் கர்நாடக போலீஸ் சட்டம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவும் இருக்கிறது. பொது வழியில் எந்த வண்டியையும் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அவசரமாகவோ அலட்சியமாகவோ ஓட்டுவது குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அது. "எந்த வண்டியையும்" என்றால் சைக்கிளும்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவாக இருந்தது இதுவே.

நம் அப்பா, தாத்தா காலத்தில் சைக்கிளுக்கும் நகராட்சி லைசென்ஸ் வில்லை இருந்தது. இருட்டில் லைட் இல்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். சாலையில் சைக்கிள் பெரும்பான்மையாக இருந்த வரை சட்டத்துக்கு அதன் மேல் கண் இருந்தது. மோட்டார் பெருகிய பிறகு சட்டமும் நம்மை மறந்தது, சாலையைப் போட்டவர்களும் நம்மை மறந்தார்கள்.

கேமராவில் சிக்க மாட்டோம், அபராதச் சீட்டும் வராது. அப்புறம் எதற்கு நிற்பது?

உண்மைதான். பெங்களூரில் சந்திக்குச் சந்தி இருக்கும் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படிப்பவை. சைக்கிளில் படிக்க ஒன்றும் இல்லை.

நானும் சில வருடங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை 6 மணி சுமாருக்கு, அல்சூர் பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு. ஒரு பஸ் கோட்டில் நின்றிருந்தது. குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, பஸ்ஸின் இடப்பக்கமாக வேகத்தைக் குறைக்காமல் முன்னே போனேன். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பஸ் மறைத்ததால் நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கூடை கவிழ்ந்து, கனகாம்பரமும் மல்லிகையும் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

ஆறு வாரம் அவர் கையில் மாவுக்கட்டு இருந்தது. பூக் கட்டிப் பிழைக்கிறவருக்கு வலது கை இல்லாத ஆறு வாரம். மருத்துவச் செலவைக் கொடுத்தேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. "பஸ் நின்னுடுச்சுன்னுதானப்பா வந்தேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சிவப்பு விளக்கு நமக்கு மட்டும் சொல்லப்படும் செய்தி இல்லை. குறுக்கே வருகிறவருக்கு, "இப்போது வரலாம், எல்லாரும் நிற்பார்கள்" என்று அதே விளக்கு சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் அதை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார். நான் பார்த்துக்கொண்டுதானே போகிறேன் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது.

கார், லாரி செய்யும் சேதத்துக்கு முன்னால் சைக்கிள் என்ன பெரிதாகச் செய்துவிடும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். கார் 1,200 கிலோ, வேகம் 40. மோதும்போது காரிடம் இருக்கும் ஆற்றல் சைக்கிளிடம் இருப்பதைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இந்தச் சாவுகளுக்குக் காரணம் சைக்கிள்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் காரையும் சைக்கிளையும் ஒரே தராசில் வைத்து, "நீங்களும் ஒழுங்கில்லை" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் 85 கிலோ ஒரு வயதானவரைக் கீழே தள்ளப் போதும். நம்மைவிடப் பலமானவர் செய்யும் தவறு, நம்மைவிடப் பலவீனமானவரிடம் நாம் செய்வதற்கு அனுமதி ஆகிவிடாது.

ஸ்டாப் போர்டுக்கு என்ன செய்வது?

எண்கோண வடிவில் சிவப்பாக இருக்கும் அந்தப் பலகை நம் சட்டத்திலும் உண்டு. ஆனால் பெங்களூரில் அதைப் பார்ப்பது அபூர்வம். பார்த்தாலும் மரக்கிளை மறைத்திருக்கும், யாரும் மதிப்பதில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது ஹம்ப் என்கிற வேகத்தடைதான். கிராஸ் ரோடு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு ஹம்ப் இருந்தால் அதுவே நம் ஊர் ஸ்டாப் போர்டு.

பலகை இல்லாத சந்திப்புக்கும் விதி இருக்கிறது: சின்ன சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வருகிறவர் வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி சாலை என்றால், வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இந்திராநகர், ஜெயநகர் மாதிரி கட்டம் போட்ட பகுதிகளில் நூறடிக்கு ஒரு கிராஸ் வரும். அங்கே இந்த இரண்டாவது விதி தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் இப்படிச் செய்யுங்கள்: பெடலை நிறுத்தி, இரண்டு பிரேக்கிலும் விரல் வைத்து, நடக்கிற வேகத்துக்கு வந்து, வலது, இடது, மறுபடி வலது பாருங்கள். ஒரு வண்டியோ ஆளோ வந்தால் காலை ஊன்றி நில்லுங்கள். ஸ்டாப் போர்டு கண்ணில் பட்டால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுதாக நில்லுங்கள்.

அடிக்கடி நின்று கிளம்புவது சைக்கிளுக்குக் கஷ்டம் இல்லையா? கார்காரருக்கு அது ஒரு மிதிதானே?

கஷ்டம்தான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளை நிறுத்தி, திரும்ப அதே வேகத்துக்குக் கொண்டுவர ஆகும் உழைப்பு, அதே சுமையோடு கிட்டத்தட்ட 3 அடி உயரம் ஏறுவதற்குச் சமம். அதாவது மாடிப்படியில் ஐந்து படி. என் வழியில் ஒரு பக்கம் 14 முறை நிற்க வேண்டியிருந்தால் 70 படி. ஏறத்தாழ நாலு மாடி. வீணாகப் போன வேகத்தை கார்காரருக்குப் பெட்ரோல் ஈடுகட்டிவிடுகிறது, நமக்குத் தொடைதான் ஈடுகட்ட வேண்டும்.

இந்தக் கஷ்டத்தைச் சோம்பல் என்று சொல்கிறவர் ஒரு நாளாவது மிதித்துப் பார்த்திருக்க மாட்டார். சில நாடுகள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் சட்டத்தையே மாற்றின.

அப்படியா? எங்கே?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், ஸ்டாப் போர்டு இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர் முழுதாக நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, வழிவிட வேண்டியவருக்கு வழிவிட்டுப் போகலாம். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, யாரும் இல்லை என்று பார்த்த பிறகு போகலாம். இதை அங்கே "ஐடஹோ ஸ்டாப்" என்கிறார்கள். நீண்ட காலம் அந்த ஒரு மாநிலம்தான் தனியாக இருந்தது. பிறகு டெலவேர் 2017-இலும் ஆர்கன்சா 2019-இலும் இதைப் பின்பற்றின. ஆரிகன், வாஷிங்டன், கொலராடோ, மின்னசோட்டா என்று வரிசையாகச் சேர்ந்தன. மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறும். கலிஃபோர்னியாவில் 2021-இல் சட்டசபை நிறைவேற்றியதை ஆளுநர் தடுத்துவிட்டார்.

அதே கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் 2015 ஜூலையில் நடந்ததை நான் அடிக்கடி சொல்வேன். ஸ்டாப் போர்டில் நிற்காத சைக்கிள்களைப் பிடிக்கப்போவதாக போலீஸ் தரப்பில் அறிவித்தார்கள். சைக்கிள்காரர்கள் எதிர்ப்பைக் காட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: விகிள் என்ற பாதையில் கூட்டமாகப் போய், ஒவ்வொரு ஸ்டாப் போர்டிலும் ஒவ்வொருவராக, எழுத்துக்கு எழுத்து சட்டப்படி நின்று நின்று போனார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே அடைத்துக்கொண்டது, பின்னால் கார்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். சட்டத்தை மீறாமலே, அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று காட்டிவிட்டார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

பாரிஸில் வேறு ஏற்பாடு. சிக்னல் கம்பத்திலேயே மஞ்சள் சைக்கிள் படம் போட்ட சின்ன முக்கோணப் பலகை வைத்து, அது இருக்கும் இடத்தில் மட்டும், பலகை காட்டும் திசையில் மட்டும், சைக்கிள் சிவப்பிலும் வழிவிட்டுப் போகலாம் என்றார்கள்.

அப்படியானால் பெங்களூரிலும் அந்த விதியைக் கொண்டுவரலாமே?

இன்றைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சைக்கிள் நண்பர்கள் பலருக்கு இதில் என்மேல் கோபம் உண்டு.

ஐடஹோவின் ஸ்டாப் போர்டு முறை வேலை செய்வதற்கு அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது: மற்ற எல்லாரும் நிற்கிறார்கள், நடந்து வருகிறவருக்குக் கார் நிற்கிறது. அந்த அடித்தளத்தின் மேல்தான் சைக்கிளுக்குச் சலுகை. இங்கே ஜீப்ரா கிராஸிங்கில் ஒரு பாட்டிக்காகக் கார் நிற்பதைப் பார்த்தால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். இந்த நிலையில் சைக்கிளுக்கு "பார்த்துப் போ" என்று சட்டமே சொன்னால், அடுத்த வாரமே டெலிவரி பைக்கும் ஆட்டோவும் அதே கதையைச் சொல்லும். கடைசியில் நடந்து போகிறவருக்கு மிஞ்சியிருக்கும் அந்த 15 நொடிப் பச்சையும் போய்விடும்.

நான் கேட்பது வேறு. பெரிய சந்திகளில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று ஒரு பெட்டி வரைய வேண்டும். சைக்கிளுக்கு நாலு நொடி முன்னதாகப் பச்சை தர வேண்டும். பாரிஸ் போலப் பலகை வைப்பதானால், ஆள் நடமாட்டம் குறைந்த முச்சந்திகளில் ஒன்றிரண்டில் வைத்துப் பார்க்கலாம். விதி மாறிய பிறகு மாறிய விதிப்படி போவேன். அதற்கு முன்னால், எனக்கு நியாயமாகத் தோன்றும் விதியை நானே தனியாக அமல்படுத்திக்கொள்ள மாட்டேன்.

சிவப்பிலேயே முன்னால் போய்விட்டால், பச்சை விழும்போது பின்னால் பாயும் கூட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பயத்தால் கேட்கிறார்கள், திமிரால் கேட்பதில்லை. என் வழியில் வரும் டின் ஃபேக்டரி சந்தியில் பச்சை விழும் அந்த நொடியில் சைக்கிளில் நின்றிருந்தவருக்கு இந்தப் பயம் புரியும்.

பயத்துக்கு மருந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. லாரி, பஸ், கான்கிரீட் கலவை வண்டி, இவற்றின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். அவை இடப்பக்கம் திரும்பினால் முன் சக்கரம் உங்களைத் தாண்டிப் போகும், பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு உங்கள் மேல் வரும். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஒன்று, கோட்டுக்குப் பின்னால் எல்லாருக்கும் முன்னால், ஓட்டுநர் கண்ணில் படும்படி நில்லுங்கள். முடியாவிட்டால் பெரிய வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள். பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மஞ்சள் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஏறக்குறைய 3 நொடிதான் எரியும். 30 மீட்டர் அகலச் சந்தியை 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் 3 நொடிக்குள் கடந்துவிடும். 15-இல் போகும் சைக்கிளுக்கு 7 நொடி ஆகும். மஞ்சளில் நுழைந்தால் நடுச்சந்தியில் இருக்கும்போதே குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழுந்துவிடும். சைக்கிள்காரருக்கு மஞ்சளும் சிவப்புதான். பச்சை நேரம் ஓடும் கடிகாரம் இருக்கும் சிக்னலில், கடைசி 5 நொடியில் நான் நுழைவதில்லை.

ஃப்ரீ லெஃப்ட் (சிவப்பிலும் இடப்பக்கம் திரும்பலாம் என்ற ஏற்பாடு) இருக்கும் இடத்தில் நேராகப் போக எங்கே நிற்பது? இடது ஓரத்தில் நின்றால் பின்னால் கத்துகிறார்களே.

சந்திக்கு 50 மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டி, நேராகப் போகும் வரிசைக்கு மாறிவிடுங்கள். ஃப்ரீ லெஃப்ட் வாயில் நின்றால் அவர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது. கை காட்டுவதை விட்டுவிடாதீர்கள். இண்டிகேட்டர் இல்லாத வண்டிக்குக் கைதான் இண்டிகேட்டர். பெங்களூரில் கை நீட்டினால் பத்தில் எட்டு பேர் வழி விடுகிறார்கள், இது என் சொந்த அனுபவம்.

பெரிய சந்தியில் வலப்பக்கம் திரும்ப?

இரண்டு கட்டமாகத் திரும்புங்கள். பச்சையில் இடது ஓரமாகவே நேராக எதிர்ப்பக்கம் கடந்து, அங்கே மூலையில் ஜீப்ராவை விட்டு ஒதுங்கி நின்று, சைக்கிளை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கப் பச்சையில் போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும்.

ராங் சைடு?

கூடவே கூடாது. இங்கே எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆனால் அதைச் செய்கிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் காலை 7 மணிக்கு நின்று பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த செக்யூரிட்டி ஊழியர், கட்டட வேலைக்குப் போகிறவர், பால், பேப்பர் போட்டு முடித்த பையன். இவர்களில் பலர் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவார்கள். நடுவே தடுப்புச் சுவர். யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதுவும் மேம்பாலத்துக்கு அடியில் பஸ்களோடு. எதிரே 200 மீட்டரில் வீடு தெரிகிறது. 12 மணி நேரம் நின்று வேலை பார்த்தவரிடம் போய், இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வா என்று ஏசியில் உட்கார்ந்து சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சாலையை வரைந்தவர் சைக்கிள் ஒன்று வரும் என்று நினைக்கவே இல்லை.

இருந்தும் ஆபத்து ஆபத்துதான். கிராஸ் ரோட்டிலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார், அங்கிருந்துதான் வண்டி வரும். இடப்பக்கமிருந்து வரும் சைக்கிள் அவர் நினைப்பிலேயே இல்லை. நேருக்கு நேர் என்றால் இரண்டு வேகமும் கூடிக்கொள்ளும்: 15-ம் 40-ம் 55 ஆகிவிடும். அந்த 200 மீட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மூன்று நிமிடம் ஆகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடக்கிறவர் பாதசாரிதான்.

ஒன்வேயில் எதிராகப் போகலாமா? சின்ன சந்துதானே?

இதுவும் அதே பதில். பெல்ஜியத்தில் 2004 முதல், அகலம் போதுமான பெரும்பாலான ஒருவழித் தெருக்களில் சைக்கிள் மட்டும் இரு பக்கமும் போகலாம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு தெரு முனையிலும் அதைச் சொல்லும் பலகை இருப்பதால் கார்காரர் எதிர்பார்த்து வருகிறார். நம் சிவாஜிநகர்ச் சந்துகளுக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. பலகை வரட்டும்.

நடைபாதையில் ஏறிப் போகலாமா?

பெரியவர்கள் கூடாது. ஆறு, ஏழு வயதுக் குழந்தை மெதுவாக ஓட்டினால் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

சைக்கிள் பாதை போட்டிருந்தால் அதில்தான் போக வேண்டுமா?

போக முடிந்தால் போங்கள். அந்த "முடிந்தால்" என்ற சொல்தான் பிரச்சினை. ஜெயநகரில் பத்து வருடத்துக்கு முன்பே சைக்கிள் தடம் போட்டார்கள், அது கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. 2020-இல் சில்க் போர்டு முதல் கே.ஆர். புரம் வரை அவுட்டர் ரிங் ரோட்டில் 17 கிலோமீட்டர் தற்காலிக சைக்கிள் தடத்துக்கான வேலை தொடங்கியது. தடுப்புக் கம்பங்கள் நட்டார்கள். நான் அதில் ஆசையாகப் போனேன். கொஞ்ச நாளில் பைக்குகள் உள்ளே நுழைந்தன, கம்பங்கள் உடைந்தன. மோட்டார் வண்டி நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ ஏறக்கூடாது என்று சாலை விதியில் இருக்கிறது. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போன்ற இடங்களில் நன்றாகவே கட்டப்பட்ட பகுதிகள் உண்டு. அங்கே காலியாக இருந்தால் பயன்படுத்துகிறேன். வண்டி நிறுத்தி மறித்திருந்தால் சாலையில் இறங்கி, ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போகிறேன். அது என் உரிமை.

சைக்கிளே போகக்கூடாத சாலைகள் உண்டா?

உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் இருந்தால் நுழையக்கூடாது. பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை. சர்வீஸ் ரோட்டில் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ராமநகரம் வரை போய்வரும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹெல்மெட், லைட் கட்டாயமா?

ஹெல்மெட் பற்றிய 129-வது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, சைக்கிளுக்குக் கட்டாயம் இல்லை. போட்டுக்கொண்டால் நல்லது. ஆனால் ஹெல்மெட்டா லைட்டா என்று ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் லைட் வாங்குங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு. நாம் விழுந்த பிறகு காப்பாற்றுவது ஹெல்மெட், வண்டி இடிக்காமலே காப்பாற்றுவது லைட். செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் யாரையாவது தெரிந்தால் ஒரு பின் விளக்கு வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்தான்.

எலெக்ட்ரிக் சைக்கிளுக்கும் இதேதானா?

மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. உரிமமும் பதிவும் வேண்டாம். அதைத் தாண்டினால் பைக்கின் சட்டம் முழுதும் பொருந்தும்.

நான் சிக்னலைத் தாண்டும்போது கார் என்னை இடித்தால்? பெரிய வண்டி மேல்தானே தப்பு வரும்?

நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கூட்டம் கூடினால் கார்காரரைத்தான் பிடிப்பார்கள். ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கூட்டம் இல்லை.

மோட்டார் வண்டி மோதினால் சைக்கிள்காரர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 164-வது பிரிவின்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். முழு இழப்பீடு வேண்டும் என்றால் 166-வது பிரிவு. அங்கே, அடிபட்டவர் பக்கமும் தவறு இருந்ததா என்று பார்ப்பார்கள். நீங்கள் சிவப்பில் நுழைந்தது கேமராவில் இருந்தால், உங்கள் பங்கு என்று ஒரு விழுக்காட்டைக் கழிப்பார்கள். நம்பர் பிளேட் இல்லாததால் அபராதம் போட முடியாத அதே கேமரா, இங்கே சாட்சியாக வந்து நிற்கும். வேலை செய்ய முடியாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கழிவு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 2022 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். இது இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

விளக்கு சிவப்பு, ஆனால் சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் "போ, போ" என்று கை காட்டுகிறார். நிற்பதா, போவதா?

போங்கள். சந்தியில் போலீஸ்காரர் இருந்தால் அவர் கைதான் சிக்னல், விளக்கு அதற்கு அடுத்தது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

வாயால் சொல்லித் தந்து பயனில்லை. என் மகளுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க்குக்குக் கூட்டிப்போவேன். அவள் முன்னால், நான் வலப்பக்கம் அரை சைக்கிள் நீளம் பின்னால். ஒவ்வொரு கிராஸிலும் அவளே சத்தமாகச் சொல்ல வேண்டும்: "வலது காலி, இடது காலி, ஆள் இல்லை." ஆள் இருந்தால் "ஆள்" என்று மட்டும் சொல்லிக் காலை ஊன்றுவாள். முதல் இரண்டு மாதம் நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

போன மாதம் அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலை தாண்டி, ஒரு தாத்தா கைத்தடியோடு சாலையோரம் நின்றிருந்தார். சிக்னல் கிடையாது, போர்டு கிடையாது. அவள் "ஆள்" என்று சொல்லி நின்றாள். பின்னால் வந்த ஆட்டோவும் வேறு வழியில்லாமல் நின்றது. தாத்தா கடப்பதற்கு நல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.